சுட்டபின் சிதறும் பித்தளை உறைகளை வலையில் ஏந்தும் முறை

துப்பாக்கி சுடும் தளத்தில் 50 தோட்டாக்களைக் கையெழுத்திட்டு வாங்கியவர், பயிற்சி முடிந்து வெளியேறும்போது 50 காலி உறைகளையோ, உறைகளும் சுடாத தோட்டாக்களுமாகச் சேர்த்து 50 உருப்படிகளையோ திருப்பித் தர வேண்டும் என்பதே நான் பழகிய இடங்களில் எல்லாம் இருந்த நடைமுறை. தளத்தில் காலி உறைகளை 'எம்ப்டி' என்றே சொல்வார்கள். இந்தக் கணக்கின் கடுமையை நான் முதலில் உணர்ந்தது கல்லூரியில் என்.சி.சி. மாணவனாக இருந்தபோதுதான். தலைக்கு 5 தோட்டாக்கள் வீதம் சுட்டு முடித்தபின், யாரோ ஒருவருடைய உறை ஒன்று குறைந்தது. நாற்பது பேரும் வெயிலில் மண்டியிட்டுப் புல்லை விலக்கித் தேடினோம், மாலை ஆகிவிட்டது. கடைசியில் அது எங்கள் குழுவிலிருந்த ஒரு மாணவனின் மடித்துவிட்ட சட்டைக் கைக்குள்ளிருந்து கீழே விழுந்தது. நகக்கண் அளவுப் பித்தளைத் துண்டுக்காக அரை நாள் போயிற்று.

அதன் பிறகு வடசென்னைத் தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு, வார இறுதிகளில் நகருக்கு வெளியே சென்று .22 அங்குலக் குழலுள்ள ரைஃபிளில் 50 மீட்டர் பயிற்சி செய்யத் தொடங்கிய காலத்தில், உறைகளைப் பொறுக்குவதைவிட அவற்றை விழும்போதே ஏந்திக்கொள்வது மேல் என்று முடிவு செய்து, பலவற்றைச் செய்து பார்த்துத் தோற்று, இறுதியில் காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர் ஒருவர் சொன்ன ஒரு சொல்லால் சரியான வழியைக் கண்டேன். அந்த வழியைத்தான் இங்கே விளக்குகிறேன்.

முதலில், எதற்காக ஏந்துகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில், அடிப்பாகத்தின் நடுவில் முள் அடித்து வெடிக்கும் நடு அடிப்புத் தோட்டாக்களின் உறைகளில், தீப்பற்றவைக்கும் புதிய ப்ரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் நிரப்புவது சட்டப்படியான பொழுதுபோக்கு. ஒரே உறையைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் அங்கே பித்தளைக்கு மதிப்புண்டு. நம்மிடம் நிலைமை வேறு. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடை செய்கிறது. தவிரவும், துப்பாக்கி சுடும் சங்கங்களில் பெரும்பாலும் புழங்கும் .22 தோட்டா விளிம்பு அடிப்பு வகையைச் சேர்ந்தது. தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது, அடிமுள் அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. ஒருமுறை நசுங்கிய விளிம்பு மறுபடி பயன்படாது. பழைய பித்தளையாக எடைக்குப் போடலாமே என்று எவரேனும் நினைத்தால், 50 உறைகளும் சேர்ந்து ஒரு கைப்பிடிகூட நிறையாது. அதைவிட முக்கியமாக, அதே சட்டம் தோட்டா வகைகளை (ammunition) வரையறுக்கும்போது தோட்டாவின் உதிரிப் பாகங்களையும் அதில் சேர்த்துச் சொல்கிறது. காயலான் கடைத் தராசில் தோட்டா உறைகளைக் கொட்டுவது எந்த விதத்திலும் புத்திசாலித்தனம் அன்று. ஆகவே நாம் ஏந்துவது பித்தளைக்காக அல்ல, கணக்குக்காகவும் பாதுகாப்புக்காகவும்தான். உருண்டையான சிறு உறைகள் சிமெண்டுத் தரையில் கிடந்தால் அவற்றின்மேல் கால் வைத்தவர் வழுக்குவார். அவர் கையில் ரைஃபிள் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, உறை எப்படி வெளியே வருகிறது என்பதைப் பார்ப்போம். தோட்டா வெடிக்கும் கணத்தில் பித்தளைச் சுவர் விரிந்து தோட்டா அமரும் அறையான சேம்பரின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கித் தளர்கிறது. ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையை உறைக்குத் தேர்ந்தெடுத்ததற்கு, விரிந்து மீளும் இந்தக் குணமும் ஒரு காரணம். அந்த அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் கொக்கி உறையின் விளிம்பைப் பற்றி இழுத்து வருகிறது; பாதையின் முடிவில் எஜெக்டர் என்னும் முளை மறுபக்கத்தில் இடிக்க, உறை சுழன்று வலப்பக்கமாக வெளியே எறியப்படுகிறது. கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளில் இந்த எறிதலின் வேகம் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. மெதுவாக இழுத்தால் உறை, அது வெளியேறும் வாயோரத்திலேயே தயங்கி அருகில் விழும். வெடுக்கென்று இழுத்தால் ஒரு மீட்டருக்கு அப்பால் பறக்கும். தானியங்கி வகைகளில் வேகத்தைத் தீர்மானிப்பது துப்பாக்கியே. ஆகவே அவற்றின் உறைகள் அதிக தூரமும், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு திசையிலும் போகும்.

இதனால்தான், எதையும் செய்வதற்குமுன் உங்கள் ரைஃபிளின் விழுதிசையைக் கண்டறியுங்கள் என்று வற்புறுத்துகிறேன். வெளிர்நிறப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைச் சுடுமிடத்தின் வலப்புறம் விரித்து, வழக்கமான வேகத்தில் 10 தோட்டாக்களைச் சுடுங்கள். சுடுதல் நிறுத்தப்பட்டு, தள அதிகாரி அனுமதி தந்தபின், உறைகள் கிடக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். துணி மடிப்புகளில் உறைகள் அதிகம் உருளாமல் நின்றுவிடுவதால் இந்த வரைபடம் ஓரளவு நம்பத்தக்கது. வெறும் சிமெண்டுத் தரையில் இதைச் செய்தால் அவை எகிறிப்போன இடம்தான் தெரியுமே தவிர, முதலில் விழுந்த இடம் தெரியாது. குழல் நோக்கும் திசையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டால், என்னுடைய போல்ட் ரைஃபிளின் உறைகள் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே, சற்றுப் பின்தள்ளி விழுகின்றன. உங்களுடையது வேறாக இருக்கலாம். படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுடும் மூன்று நிலைகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்; ஏனெனில் உடல் மாறினால் கையின் இழுப்பும் மாறுகிறது.

படுத்துச் சுடுபவருக்கு வலை தேவையே இல்லை. உறை வெளியேறும் வாய் தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஆழம் குறைந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் கோணிச் சாக்கை இரண்டாக மடித்து விரித்து, விழுதிசை வரைபடத்தில் வட்டங்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் வைத்துவிட்டால் போதும். அலுமினியத் தட்டு வேண்டாம். ஒவ்வொரு உறைக்கும் அது எழுப்பும் ஓசை பக்கத்தில் குறிபார்த்துக்கொண்டிருப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். தட்டின் விளிம்பு வலது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

நின்ற நிலையும் மண்டியிட்ட நிலையும்தான் சிக்கலானவை. 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் நிலைக்கு 20 வீதம் 60 முறை சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தப் போட்டியில்தான். அதற்குப் பழகுபவர்கள் நாளொன்றுக்குப் பயிற்சிச் சுடுதல்களையும் சேர்த்து நூறைச் சாதாரணமாகத் தொடுவார்கள். நூறு உறைகளும் ஐந்தடி உயரத்திலிருந்து தரையில் விழுந்து நாலாபுறமும் எகிறினால், பொறுக்குவதற்கே தனி நேரம் வேண்டியிருக்கும்.

என் முதல் முயற்சி, மரச்சட்டத்தில் கொசுவலையை இறுக்கி ஆணி அடித்து, திரைபோல் நிறுத்தியது. பார்ப்பதற்கு நேர்த்தியாக இருந்தது, பயன் இல்லை. இறுகிய வலை மத்தளத் தோல்போல் நடந்துகொண்டது. உறைகள் அதில் பட்டு, வந்த வேகத்தில் பாதியோடு என்மீதே திரும்பின. ஒன்று காலருக்குள் விழுந்தது, இன்னொன்று திறந்திருந்த சேம்பர் வாய்க்குள் நுழைந்து போல்ட்டை அடைத்தது. இரண்டாவதைக் குறித்துத்தான் நான் அஞ்சினேன், ஏனெனில் சுடுதல் நடந்துகொண்டிருக்கும்போது ரைஃபிளுக்குள் விரலை விட்டுத் துழாவும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

அந்தச் சட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனபோது, சாலையோரம் வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், என் சட்டத்தை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "வலைன்னா தொங்கணும் தம்பி, விறைச்சு நின்னா மீனே திரும்பிப் போயிடும்" என்றார். செவுள் வலைகளை மேற்கயிற்றில் கட்டும்போது பெரும்பாலும் கயிற்றின் நீளத்தைப்போல் இருமடங்கு வலையைச் சுருக்கிக் கட்டுவார்கள். 10 அடிக் கயிற்றில் 20 அடி வலை. அந்தத் தளர்வினால்தான் மோதும் மீன் பின்வாங்காமல் வலைக்குள் புதைகிறது. தோட்டா உறைக்கும் இதே விதிதான் பொருந்துகிறது. உறையைத் தடுத்து நிறுத்தக்கூடாது. அதன் வேகத்தைக் குடித்துவிட்டுக் கீழே நழுவவிட வேண்டும்.

ஆனால் வலையையும் அவரிடமே வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். .22 லாங் ரைஃபிள் உறையின் நீளம் சுமார் 15.6 மில்லிமீட்டர், உடலின் விட்டம் சுமார் 5.7, விளிம்பின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். நெத்திலி வலையின் கண்ணிகூட இதற்குப் பெரியது. உறை தலைகுப்புற நுழைந்து, விளிம்பு மாட்டிக்கொண்டு தொங்கும். அதைத் திருகித் திருகி எடுப்பதற்குத் தரையில் பொறுக்குவதே தேவலை. கண்ணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது. சாதாரணக் கொசுவலைத் துணி சரியாக இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைத் துணிக்கடைகளைச் சுற்றினால் பாலியெஸ்டர் வலைத்துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். 5.56 அல்லது 7.62 மில்லிமீட்டர் உறைகளானால் நீளமே முறையே 45, 51 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், பெரிய கண்ணி போதும். ஆயினும் அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது.

அது சூடு. போல்ட் ரைஃபிளிலிருந்து வரும் .22 உறை வெதுவெதுப்பாக இருக்குமே தவிர, வலையை உருக்காது. தானியங்கி ரைஃபிள்களின் பெரிய உறைகளோ, வெடித்த கணமே வெளியேறிவிடுவதால் தோலைச் சுடும் வெப்பத்தோடு வருகின்றன. பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரி செல்சியஸிலும், பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரியிலும் உருகத் தொடங்கும். மீன்வலை நைலான் சுமார் 220 டிகிரி வரையிலும், பாலியெஸ்டர் அதற்கும் சற்று மேலேயும் தாங்கும். வலையின் மேற்பரப்பில் உறை ஒரு கணமே தங்குவதால் நைலானோ பாலியெஸ்டரோ சமாளித்துவிடும். ஆனால் சூடான உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிற அடிப்பகுதிக்குக் கித்தான் துணி அல்லது பழைய ஜீன்ஸ் துணிதான் நல்லது. .22க்கும் நான் கித்தானையே தைத்திருக்கிறேன். காரணம் சூடு அல்ல, அது நீண்டநாள் உழைக்கும் என்பதே.

சட்டத்துக்கு ஓரங்குல பி.வி.சி. குழாயை எடுத்துக்கொண்டேன். 10 அடி நீளக் குழாய்கள் இரண்டு வாங்கினால் மிச்சமின்றிச் சரியாக இருக்கும்: இரண்டடித் துண்டுகள் ஆறு, ஒன்றரை அடித் துண்டுகள் இரண்டு, ஓரடித் துண்டுகள் நான்கு, அரையடித் துண்டுகள் இரண்டு. இணைப்புகளில் நேராகச் சேர்க்கும் கப்ளிங் ஐந்தும், மூலைக்கு வளைந்த எல்போ நான்கும், T வடிவ டீ இரண்டும் தேவை. மூன்று இரண்டடித் துண்டுகளைக் கப்ளிங்கால் சேர்த்தால் ஆறடிக் கால் ஒன்று, அதுபோல் இன்னொன்று. ஒன்றரை அடித் துண்டுகள் இரண்டையும் சேர்த்தால் மூன்றடி மேற்சட்டம். அதை எல்போக்களால் இரு கால்களின் உச்சியிலும் பொருத்த வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் டீயைத் தலைகீழாக மாட்டி, முன்னொன்றும் பின்னொன்றுமாக ஓரடிப் பாதங்களைச் செருக வேண்டும். முன்பாதத்தின் நுனியில் மீதமுள்ள எல்போவை மேல்நோக்கி வைத்து அரையடித் துண்டை நிறுத்துங்கள். இந்த இரண்டு குட்டை முளைகளும்தாம் முழு அமைப்பின் சூட்சுமம். அவற்றுக்கு உடனே வருகிறேன். எந்த இணைப்பிலும் பசை பூச வேண்டாம். பிரித்தெடுத்தால் மொத்தமும் இரண்டடி நீளப் பையில் அடங்கி, கொருக்குப்பேட்டையில் மின்சார ரயில் ஏறும்போது யார் காலிலும் இடிக்காமல் வரும். மண்டியிட்ட நிலைக்கு ஒவ்வொரு காலிலும் ஒரு துண்டைக் கழற்றிவிட்டால் உயரம் நாலடியாகக் குறைந்துவிடும்.

வலைத்துணி ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் இருக்கட்டும். மேல் விளிம்பை மடித்துத் தைத்து, அதற்குள் மேற்சட்டத்தைச் செருகி, ஆறடியை மூன்றடிக்குள் சுருக்கித் தள்ளுங்கள். திரைச்சீலைபோல் கொசுவங்கள் விழும். அதுதான் காசிமேட்டுக் கணக்கு. பக்கவாட்டு விளிம்புகளைக் கால்களோடு ஓரிரு இடங்களில் மட்டும் நாடாவால் தளரக் கட்ட வேண்டும், இழுத்துக் கட்டக்கூடாது. வலையின் கீழ்ப்பகுதி தரையைத் தொட்டபின் மீதமிருக்கும் துணியை முன்பக்கமாக, அதாவது சுடுபவரை நோக்கி விரித்து, அதன் விளிம்பை முன்சொன்ன இரண்டு முளைகளுக்கிடையே கட்டிய கயிற்றின்மேல் ஏற்றிக் கட்டுங்கள். இப்போது அடியில் குழந்தைக்குக் கட்டிய ஏணைபோல ஒரு தொட்டில் உருவாகியிருக்கும். இழுவலைக்காரர்கள் மீன் போய்ச் சேரும் பையை மடி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மடியின் உட்புறம்தான் கித்தான் தைக்க வேண்டிய இடம். வலையில் பட்ட உறை கொசுவங்களுக்கிடையே நழுவி இறங்கி மடியில் தங்கிவிடும். அரையடி உயர விளிம்பு இருப்பதால் உருண்டு வெளியேறாது.

காற்றை மறந்துவிடாதீர்கள். விரிந்த வலை என்பது ஒரு பாய்மரம். சென்னையில் கோடைக்காலத்தில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். காலையில் அசையாமல் நின்ற சட்டம் பகலில் உங்கள்மேல் சாயக்கூடும். நான்கு பாதங்களின்மேலும் பைக்கு இரண்டு கிலோ வீதம் மணல் நிரப்பிய துணிப்பைகளைக் குறுக்காகப் போட்டுவைப்பேன். மடியின் முன்விளிம்புக் கயிற்றில், வலைகளுக்குக் கோக்கிற ஈயக் குண்டுகள் நாலைந்தைக் கோத்துவிட்டால் காற்று அதைத் தூக்கிப் புரட்டாது. அதற்கும் மேல் காற்று பலத்தால் சட்டத்தை மடக்கி வைத்துவிட்டு விரிப்போடு சமாளிப்பதே உசிதம்.

தளத்தில் இதை நிறுத்தும் விதத்தில் சில கட்டுப்பாடுகள் உண்டு. தள அதிகாரியிடம் முன்கூட்டியே காட்டி அனுமதி பெறாமல் எதையும் சுடுமிடத்தில் வைக்கக்கூடாது. போட்டிகளில் என்ன அனுமதிக்கப்படும் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். சட்டத்தை நிறுத்துவதும் நகர்த்துவதும் சுடுதல் நிறுத்தப்பட்டிருக்கும்போது மட்டுமே, அதுவும் போல்ட் திறந்து, சேம்பரில் பாதுகாப்புக் கொடி செருகப்பட்டிருக்கும்போது மட்டுமே. சட்டத்தின் எந்தப் பகுதியும் சுடுகோட்டைத் தாண்டி முன்னே நீளக்கூடாது, அண்டையிலுள்ளவரின் இடத்துக்குள்ளும் நுழையக்கூடாது. வலது கைப் பழக்கமுள்ளவர் நின்று சுடும்போது இடது இடுப்பு இலக்கை நோக்கியும், மார்பு வலப்புறம் நோக்கியும் இருப்பதால், உறை அவருடைய முகத்துக்கு முன்பாகவே பறந்து செல்கிறது. எனவே சட்டம் அவருக்கு எதிரே நிற்கும். ரைஃபிளை ஊன்றும் தாங்கியும் தோட்டாப் பெட்டியும் அதே பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், அவற்றுக்கு அப்பால் சட்டம் நிற்க வேண்டும். உறை வெளியேறும் வாயிலிருந்து வலைக்கு இரண்டடிக்குக் குறையாத இடைவெளி இருந்தால் போல்ட்டை இழுக்கும் கை எதிலும் முட்டாது. மேற்சட்டம் அந்த வாயைவிட ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும். சட்டத்தின் நடுப்பகுதியை வாய்க்கு நேராக வைக்காமல், உங்கள் வரைபடம் காட்டியபடி அரையடி பின்தள்ளி வையுங்கள்.

பிறகு சுடுங்கள், வலையை மறந்துவிடுங்கள். உறை வலையில் விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் ஓரக்கண்ணால் பார்ப்பவரின் புள்ளிகள் குறையும். விழாதது விழாததுதான், முடிவில் எடுத்துக்கொள்ளலாம். பறக்கும் உறையை இடது கையால் எட்டிப் பிடிப்பது சிலருக்கு வித்தையாகத் தோன்றுகிறது. குழல் திசைமாறுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

காலரின் மேல் பொத்தானை மாட்டுவது, பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் அணிவது, விரல்கள் மூடிய காலணி போடுவது ஆகியவை எல்லாரும் அறிந்தவை. ஆயினும் எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது ஒருநாள் சூடான உறை ஒன்று சட்டைக்குள் விழத்தான் போகிறது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே மனத்தில் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்: விரலைத் துப்பாக்கி விசையிலிருந்து எடுத்து, குழலை இலக்கின் திசையிலேயே வைத்திருந்து, போல்ட்டைத் திறந்து, ரைஃபிளைக் கீழே வைத்த பிறகுதான் சட்டையை உதற வேண்டும். தோலில் சிறு கொப்புளம் எழுந்தால் எழட்டும். துள்ளிக் குதிப்பவரின் கையில் இருக்கும் ரைஃபிள் யாரை நோக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. இடது கைப் பழக்கமுள்ளவர்கள் வலப்புறம் எறியும் ரைஃபிளைப் பயன்படுத்தினால் உறை அவர்களின் முகத்தின் பக்கத்திலிருந்து கிளம்பும் என்பதால், கண்ணாடியின் பக்கவாட்டிலும் மறைப்பு இருப்பது அவசியம்.

ரைஃபிளிலேயே மாட்டிக்கொள்ளும் சிறு பைகளும் சந்தையில் உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. பை நிறைந்தால் உறை திரும்பிவந்து போல்ட்டின் வழியில் மாட்டுகிறது. ரைஃபிளின் எடைச் சமநிலை சுடச்சுட மாறுகிறது. சேம்பர் காலியா என்று பக்கத்தில் நிற்பவர் ஒரே பார்வையில் உறுதி செய்வதைப் பை மறைக்கிறது. கடைசிக் காரணம் ஒன்றே எனக்குப் போதும்.

சுடுதல் முடிந்து அனுமதி கிடைத்ததும் மடியின் கயிற்றை அவிழ்த்து உறைகளைத் திரட்டலாம். எண்ணுவதற்கு நான் கண்ட எளிய வழி, தோட்டாக்கள் வந்த 50 குழிப் பிளாஸ்டிக் தட்டையே திரும்பப் பயன்படுத்துவது. காலி உறையை வாய் மேல்நோக்கி ஒவ்வொரு குழியிலும் நிறுத்திவந்தால் எண்ணிக்கை தானாகவே தெரிந்துவிடும். சுடாத தோட்டா ஏதேனும் தவறிக் கலந்திருந்தால் அதன் ஈய மூக்கு உடனே கண்ணில் படும். அடிமுள் பட்டும் வெடிக்காத தோட்டாவை மடியில் விழவே விடக்கூடாது. குழலை இலக்கின் திசையிலேயே வைத்துக் குறைந்தது 30 வினாடிகள் காத்திருந்து, போல்ட்டை நிதானமாகத் திறந்து, அந்தத் தோட்டாவைக் கையில் வாங்கி, அதற்கென்று உள்ள தனிப்பெட்டியில் போட்டு, தள அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

எண்ணிக்கை குறைந்தால் மணலில் தேட வேண்டியதுதான். காந்தத்தைக் கொண்டுவந்து தடவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பித்தளை காந்தத்துக்கு வராது. கட்டட வேலைக்கு மணல் சலிக்கும் சல்லடைகளில் நாலு மில்லிமீட்டர்க் கண்ணியுள்ள ஒன்றைச் சிறியதாக வெட்டி வைத்துக்கொண்டால், விழுதிசையிலுள்ள மணலை இரண்டு கைப்பிடி அள்ளிச் சலித்தே கண்டுபிடித்துவிடலாம்.

உறைகளைத் தட்டில் அடுக்கும்போது அவற்றைக் கவனித்துப் பார்ப்பதும் ஒரு பயிற்சி. விளிம்பில் அடிமுள்ளின் தடம் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். மெலிந்துகொண்டே வந்தால் சுருள்வில் தளர்ந்திருக்கலாம் அல்லது போல்ட்டில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம். விளிம்பை ஒட்டிப் புடைப்போ வெடிப்போ தெரிந்தால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்தி, ரைஃபிளைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அடிமுள்ளும் எக்ஸ்ட்ராக்டரும் பதிக்கும் இந்தத் தடங்கள் ரைஃபிளின் கைரேகை போன்றவை. குற்ற வழக்குகளில் உறையையும் துப்பாக்கியையும் இணைத்துப் பார்ப்பது இவற்றைக் கொண்டுதான். சங்கங்கள் காலி உறைகளை வெளியே விடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு நியாயமான காரணம்.

ப்ரைமர் மருந்தில் பொதுவாக ஈயச் சேர்மம் இருப்பதால், உறைகளைத் தொட்ட கையோடு டீக்கடைக்குப் போகக்கூடாது. சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவுங்கள். வலையை வீட்டுத் துணிகளோடு துவைக்காமல் தனியே அலசுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் போட வேண்டாம்.

ஒப்படைக்கும்வரை உறைகளை வைத்திருக்கும் பொறுப்பு தளத்தில் உங்களுக்குத் தரப்பட்டிருந்தால், அவற்றை ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். வடசென்னைக்காரருக்கு உப்புக்காற்றில் பித்தளை கறுப்பது புதிதல்ல. அழகைத் தவிர அதனால் பெரிதாக எதுவும் கெடுவதில்லை. அம்மோனியா அப்படியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்துவைத்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவத்தையொட்டி நிகழ்ந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, உறை செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து அதைப் பிளந்தது என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவை மூச்சில் உணர்ந்த நம் பகுதி மக்களுக்கு அந்த வாயுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆகவே அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களால் உறைகளைப் பளபளப்பாக்க முயல வேண்டாம். பார்வைக்கு வைப்பதற்காகச் சங்கமே கேட்டால், குத்துவிளக்குத் துலக்கும் புளிக்கரைசலே போதும். சில நிமிடங்களில் எடுத்து அலசிவிட வேண்டும், ஏனெனில் புளிப்பில் நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து உறை செம்பு நிறத்துக்கு மாறும்.

வீட்டுக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. வலையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, மடியின் இரண்டு மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். தையல் மூலைக்குள் ஓர் உறை ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கும். ஜீன்ஸ் பை, காலணியின் மடிப்பு, தோட்டாப் பெட்டியின் அடி ஆகியவையும் அதற்குப் பிடித்த இடங்கள். ஒருமுறை அப்படித் தப்பிய உறை ஒன்று, விம்கோ நகர் போகும் மெட்ரோவுக்காக நின்றபோது எக்ஸ்ரே திரையில் என் பைக்குள் தெளிவாகத் தெரிந்தது. சங்க அட்டையைக் காட்டி, தொலைபேசியில் தளத்தோடு பேசவைத்து, விளக்கி முடிப்பதற்குள் மூன்று ரயில்கள் போய்விட்டன. அந்த வாரமே மடியின் கூர்மூலைகளைப் பிரித்து, வட்டமாக வெட்டித் தைத்துவிட்டேன். இப்போது உறைகள் மூலையில் தங்குவதில்லை; தைக்கும்போதே நீங்களும் அப்படிச் செய்துவிடுங்கள்.